பத்தியும் பாத்தியும்

தமிழ் வசனத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். வடமொழி கலக்கலாமா, கூடாதா என்று பேசியாயிற்று. பேச்சுமொழியில் கதை எழுதலாமா என்று சண்டையும் போட்டாயிற்று. நடை என்றால் என்ன, உத்தி என்றால் என்ன என்றெல்லாம் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் பாரா பிரிப்பதைப் பற்றி யாராவது வாய் திறந்து நான் கேட்டது அபூர்வம். அது ஏதோ அச்சுக்கோக்கிறவர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம், எழுதுகிறவனுக்கு அதில் வேலை இல்லை என்று ஒரு நினைப்பு. என் அபிப்பிராயம் வேறு. ஒருவனுக்குச் சொல் வளம் இருக்கிறதா என்று அறிய அவனுடைய வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். யோசிக்கத் தெரியுமா என்று அறிய அவன் பாராவை எங்கே முடிக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

முதலில் பெயர். அச்சாபீசில் 'பாரா' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் 'பத்தி' என்பார்கள். பத்தி என்றால் வரிசை. பத்திரிகைப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பிரிக்கிறோமே, அதற்கும் பத்தி என்றுதான் பெயர். சாமிக்கு ஏற்றுவதும் பத்தி. சாமியிடம் வைக்கும் பக்தியையே பழைய நூல்கள் பத்தி என்று எழுதின. இத்தனை வேலை பார்க்கிற ஒரு சொல்லின் தலையில் இந்த வேலையையும் கொண்டுபோய் வைத்தோம் என்றால், இந்தச் சரக்கு நம்மிடம் பிந்தி வந்து சேர்ந்தது என்று அர்த்தம். 'பாரா'வோ கிரேக்கத்திலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. பக்கத்தில் எழுதியது என்று அதற்குப் பொருள். கிரேக்கர்கள் ஒரு விஷயம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில், வரியின் தலைமாட்டில் ஓரத்தை ஒட்டி ஒரு சிறு கோடு கிழிப்பார்களாம். அந்தக் கோட்டின் பெயர்தான் பிற்பாடு கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எழுத்துக்கு வந்துவிட்டது.

நம்முடைய ஏட்டுச்சுவடியில் அந்தக் கோடு கூட இல்லை. ஓலை நெடுகச் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடாமல் எழுதிக்கொண்டு போனார்கள். பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதும் இல்லை. குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வித்தியாசம் இல்லை. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் பார்த்தவுடன் தெரியாது. சீவகசிந்தாமணியை 1887-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும் அச்சில் கொண்டுவந்த உ. வே. சாமிநாதையர் பட்ட பாட்டில் பெரிய பாடு, இந்தப் பிரிக்கிற பாடு. பாட்டைப் பாட்டாகவும், உரையை உரையாகவும், உரைக்குள் வரும் மேற்கோளை மேற்கோளாகவும் அவர் பிரித்து வைத்ததால்தான் நாம் இன்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அவற்றைப் படிக்க முடிகிறது. சொல்லுக்கு அர்த்தம் தெரிவதற்கு முன்னால், எந்தச் சொல் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டியிருக்கிறது.

ஆனால் ஓலையில் பாரா இல்லை என்பதால் நம் முன்னோர்களுக்குப் பாரா தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியும்படி அவர்கள் பிரிக்கவில்லை. காதுக்குத் தெரியும்படி பிரித்தார்கள். உரையாசிரியர்களை எடுத்துப் பாருங்கள். ஒரு விஷயத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்போது 'இனி' என்று தொடங்குவார்கள். எதிரி கேட்கக்கூடிய கேள்வியைத் தாமே எழுப்பும்போது 'அற்றேல்' என்பார்கள். பரிமேலழகர் திருக்குறளின் அதிகாரங்களுக்குள் நுழையும்போது 'அஃதாவது' என்று பொருளைச் சொல்லி, முந்தின அதிகாரத்துக்குப் பின் இது ஏன் வந்தது என்று காரணமும் சொல்லிவிட்டுத்தான் குறளுக்குப் போவார். இந்தச் சொற்களெல்லாம் என்ன? இன்றைக்கு நாம் வரியை உடைத்துக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஆரம்பிக்கிறோமே, அந்த வேலையைச் செய்த சொற்கள்தாம்.

எங்கள் கொங்கு நாட்டில் உடுக்கடிப் பாட்டாக அண்ணன்மார் கதை சொல்லுவார்கள். பொன்னர் சங்கர் கதை, இரவிரவாக நடக்கும். 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆராய்ச்சியாளர் காங்கேயத்தை அடுத்த ஒரு கிராமத்தில் இருந்து அதை ஒலிப்பதிவு செய்தார். பின்னால் புத்தகமாகவும் வந்தது. அந்தக் கதையை உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும். கொஞ்ச தூரம் வசனமாக ஓடும், பிறகு பாட்டு, நடுவே உடுக்கை. உடுக்கைச் சத்தம் விழுகிற இடத்தில் கேட்கிறவன் கால் மாற்றி உட்காருவான், வெற்றிலை மடிப்பான், பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு வார்த்தை பேசுவான். அதுவும் பாராதான். எழுதத் தெரியாதவருக்கும் கதையை எங்கே நிறுத்தி எங்கே எடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. இது நம் மொழியின் அமைப்பைச் சேர்ந்த விஷயம். தமிழில் வினையெச்சம் என்று ஒன்று இருக்கிறது. எழுந்து, குளித்து, உண்டு, புறப்பட்டு, சந்தைக்குப் போய், மாட்டை விற்று, பணத்தை மடியில் கட்டிக்கொண்டு என்று எத்தனை காரியத்தையும் ஒரு கயிற்றில் கோத்து, கடைசியில் 'வந்தான்' என்று ஒரே முடிச்சுப் போடலாம். பழைய வசனக்காரர்கள் இந்தக் கயிற்றை நம்பி எழுதினார்கள். ஒரு வாக்கியம் ஒரு பக்கம் போகும். படிக்கிறவன் முடிச்சுக்குக் காத்துக்கொண்டிருப்பான். அப்படிப்பட்ட வாக்கியத்துக்குப் பாரா எதற்கு? வாக்கியமே பாரா.

இந்த நிலையை மாற்றத் தொடங்கியவர்களில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் முக்கியமானவர். 1822 முதல் 1879 வரை வாழ்ந்தவர். தாமே அச்சுக்கூடம் வைத்து, பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதி, 1852-ல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டவர். காற்புள்ளி, அரைப்புள்ளி முதலான குறிகளைத் தமிழ் வசனத்தில் ஒழுங்காகப் பயன்படுத்தியதில் அவரை முன்னோடியாகச் சொல்வார்கள். அவருக்கு இது அலங்கார விஷயம் அல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும், கோயிலில் உட்கார்ந்து கேட்கும் சாதாரண ஜனங்களும் பொருள் மயங்காமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கவலை. ஆசிரியர் பக்கத்தில் இருந்து பிரித்துச் சொல்லுகிற காலம் போய், புத்தகம் மட்டும் தனியாக ஒருவன் கையில் இருக்கிற காலம் வந்தபோது, ஆசிரியரின் வாய் செய்த வேலையை அச்சு செய்ய வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு வாக்கியம் குறுகத் தொடங்கியது. நாவல் வந்தது; பத்திரிகை வந்தது; பாரதி வந்தார்; சிறுகதை வந்தது. 1942-ல் மதுரையில் ஆதித்தனார் 'தந்தி'யைத் தொடங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற உழைப்பாளியும் டீக்கடை பெஞ்சில் படிக்கும்படி சின்னச் சின்ன வாக்கியமாகச் செய்தியைக் கொடுத்தார். இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாமரனுக்குக் கதவைத் திறந்துவிட்ட காரியம் அது. ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வாக்கியம் நீண்டு கிடந்தபோது எச்சங்கள் கருத்தைக் கட்டி வைத்திருந்தன. வாக்கியம் குறுகியவுடன் அந்தக் கட்டு அவிழ்ந்தது. கட்டுகிற வேலை பாராவின் மேல் விழுந்தது. பத்துச் சின்ன வாக்கியங்களை ஒரே பாராவுக்குள் வைத்தால், 'இவை பத்தும் ஒரு குடும்பம்' என்று வாசகனுக்குத் தெரியும். இப்போது அந்தப் பாராவையும் உடைத்து, வாக்கியத்துக்கு ஒரு பாரா என்று எழுதினால் கட்டுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? எச்சமும் இல்லை, 'இனி'யும் இல்லை, 'அற்றேல்' என்பதும் இல்லை, பாராவும் இல்லை. அவிழ்த்துக் கொட்டின நெல்லிக்காய் மூட்டைதான்.

இன்று அப்படித்தான் எழுதுகிறார்கள். தொடர்கதைக்காரர்கள் ஆரம்பித்து வைத்தார்கள். கைபேசித் திரை அதை முடித்து வைத்தது. உடுமலைப்பேட்டையில் எழுத்து ஆசையுள்ள இளைஞர்கள் சிலர் என்னிடம் கதைகளைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. அவர்களில் ஒருவரிடம், "ஏன் தம்பி, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அப்பத்தானுங்க சார் படிக்கறாங்க. நாலு வரி சேர்ந்தாப்பல இருந்தா தள்ளிட்டுப் போயிடறாங்க" என்றார்.

"எல்லா வரியும் தனியாக நின்றால் எது முக்கியமான வரி என்று எப்படித் தெரியும்?"

"எல்லா வரியுமே முக்கியமுங்க" என்றார் அவர்.

இளமையில் அப்படித் தோன்றுவது இயற்கை. ஆனால் எல்லாரும் மேடையில் ஏறிவிட்டால் பேச்சைக் கேட்கக் கீழே ஆள் வேண்டாமா? தனி வரிப் பாராவுக்கு ஒரு சக்தி உண்டு. அதை நான் மறுக்கவில்லை. புதுமைப்பித்தனுடைய 'பொன்னகரம்' ஞாபகம் இருக்கிறதல்லவா? ஜட்கா ஓட்டும் முருகேசன் அடிபட்டுக் கிடக்கிறான்; அவனுக்குப் பால்கஞ்சி கொடுக்க அம்மாளுவுக்குக் காசு வேண்டும்; அந்தக் காசு அவளுக்கு எப்படி வந்தது என்பதுதான் கதை. முடிவில் ஆசிரியர் நம் பக்கம் திரும்பி இரண்டு வார்த்தை கேட்கிறார். கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது. ஏன் அப்படி இருக்கிறது? அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் அந்தச் சந்தும், சாக்கடையும், அந்த ஜனங்களின் பிழைப்பும் நெருக்கிப் பிடித்தாற்போல் நம் மனசில் ஏறியிருக்கின்றன. அத்தனை பாரமும் கடைசி இரண்டு வார்த்தையின் பின்னால் நின்று தள்ளுகிறது. முதலிலிருந்தே இரண்டு இரண்டு வார்த்தையாகக் கேட்டிருந்தால் நமக்கு மரத்துப் போயிருக்கும்.

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்லுகிறேன். ஒரு பத்திரிகைக்கு நான் ஒரு கதை அனுப்பியிருந்தேன். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் பாசனத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கதையில் ஒரு கிழவர் முறைத் தண்ணீருக்காகக் காத்திருக்கிறார். நான் எழுதியிருந்தது ஏறக்குறைய இப்படி:

'கிழவர் வாய்க்கால் மேட்டில் குந்தியிருந்தார். தண்ணீர் இன்னும் மடைக்கு வரவில்லை. மம்பட்டியில் ஒட்டியிருந்த மண்ணை ஒரு குச்சியால் சுரண்டினார். மகன் வருவதாகச் சொன்ன நாளும் இதுதான். எதிர்த்த காட்டில் காற்றாடி ஒன்று நின்றிருந்தது, ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.'

அச்சில் வந்தபோது ஆறு வாக்கியமும் ஆறு பாராவாக நின்றன. ஆசிரியர் நல்ல மனிதர். என்னிடம் விரோதம் ஒன்றும் இல்லை. வாசகருக்கு மூச்சு முட்டக் கூடாது என்று செய்ததாகச் சொன்னார். ஒரு சொல் கூட அவர் மாற்றவில்லை. ஆனால் கதை மாறிவிட்டது. மகனைப் பற்றிய வாக்கியத்தை நான் பாராவின் நடுவில், மம்பட்டி மண்ணுக்கும் காற்றாடிக்கும் இடையில் மறைத்து வைத்திருந்தேன். கிழவரும் அதை அப்படித்தான் மறைத்து வைத்திருக்கிறார். அவர் அதை நினைக்கவில்லை என்று தமக்கே காட்டிக்கொள்ளுகிறார். வாசகன் அதைத் தாண்டிப் போய், காற்றாடியைப் பார்த்துவிட்டு, 'அடடா' என்று திரும்பி வர வேண்டும். தனிப் பாராவாக நிறுத்தியவுடன் அந்த வாக்கியம் தெருவில் நின்று தண்டோராப் போட ஆரம்பித்துவிட்டது. கிழவர் மகனுக்காக ஏங்குகிறார் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கிழவரின் மானம் போயிற்று என்றுதான் எனக்குப் பட்டது.

பாரா பிரிப்பது அர்த்தத்தைத் தொடாத காரியம் என்று இனி யாராவது சொன்னால் நான் இந்த ஆறு வாக்கியத்தைத்தான் காட்டுவேன்.

அப்படியானால் எங்கே பிரிக்க வேண்டும்? இதற்கு ஆங்கிலத்தில் சட்டம் உண்டு. ஸ்காட்லாந்தில் அபர்டீன் சர்வகலாசாலையில் இருந்த அலெக்ஸாண்டர் பெய்ன் என்பவர் 1866-ல் கட்டுரை எழுதும் முறை பற்றி ஒரு புத்தகம் எழுதி, பாராவுக்கு விதிகள் வகுத்தார். பாராவின் முதல் வாக்கியம் அதன் விஷயத்தைத் தெரிவிக்க வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் அந்த ஒரே விஷயத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்று தெரிய வேண்டும். கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த விதிகளை மனப்பாடம் செய்தாலும் தவறில்லை. விமரிசனம் என்று எழுதி, முதல் வரியில் நாவலையும் இரண்டாம் வரியில் நாவலாசிரியரோடு காப்பி சாப்பிட்டதையும் மூன்றாம் வரியில் சமூகத்தையும் ஒரே பாராவில் திணிக்கிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

ஆனால் முதல் விதி தமிழுக்கு எப்போதும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. கதைக்கு நிச்சயமாகப் பொருந்தாது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. 'வந்தான்' என்பதா, 'வரவில்லை' என்பதா என்று கடைசிச் சொல்வரைக்கும் காத்திருந்து பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் பாராவிலும் உண்டு. விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிட்டு விளக்குவதைவிட, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கி, கடைசி வாக்கியத்தில் விஷயத்தை வைப்பது நமக்கு இயல்பாக வருகிறது. பாட்டி கதை சொன்னாலும், பஞ்சாயத்தில் பெரியவர் நியாயம் சொன்னாலும் இதே வழிதான்.

ஆகையால் நான் என் ஊர்த் தோட்டத்திலிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுகிறேன். தண்ணீர் கட்டுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? பாத்தி பாத்தியாக மண்ணை அணைத்து வைத்திருப்பார். ஒரு பாத்தியின் மடையைத் திறந்துவிட்டு, தண்ணீர் கடைக்கோடிச் செடிவரை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பார். சேர்ந்த பிறகுதான் மம்பட்டியால் ஒரு வெட்டு வெட்டி இந்த மடையை அடைத்து அடுத்ததைத் திறப்பார். பாத்தி அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் தலைமாட்டில் தண்ணீர் தேங்கும், கால்மாடு காயும். ரொம்பச் சிறிதாக இருந்தால் வரப்புத்தான் நிலத்தையெல்லாம் தின்னும்; பயிர் வைக்க இடம் இருக்காது. எந்த அளவு என்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்கவில்லை. மண்ணைப் பொறுத்தது. மேட்டுக்கு ஒரு மாதிரி, பள்ளத்துக்கு ஒரு மாதிரி. செம்மண்ணுக்கு ஒரு மாதிரி, கரிசலுக்கு ஒரு மாதிரி. கருத்து வாசகன் மனசின் கடைக்கோடிவரை போய்ச் சேர்ந்ததா? சேர்ந்திருந்தால் மடையை மாற்றலாம். சேரவில்லை என்றால், பாரா நாற்பது வரி ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துக் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் 'நாகம்மாள்' எழுதினார். அந்த நாவலின் விவகாரமே நிலத்தைப் பிரிப்பதுதான். விதவையான நாகம்மாள் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். கெட்டியப்பன் தூண்டி விடுகிறான். கொழுந்தன் சின்னப்பன் கொலையுண்டு போவதில் அது முடிகிறது. சின்னப் புத்தகம். குடியானவர்களின் பேச்சு அப்படியே வருகிறது. பேச்சுக்கு ஒவ்வொருவர் வாய்க்கும் ஒரு பாரா வேண்டும். அது தனி நியாயம். ஆனால் ஆட்கள் பேசாமல் இருக்கிற இடங்களில் சண்முகசுந்தரம் அவசரப்படுவதில்லை. காடும் வழித்தடமும் ஒரு பெண்ணின் மனசுக்குள் புழுங்குகிற நினைப்பும் அவை கேட்கிற அளவுக்கு இடம் பெறுகின்றன. கடைசியில் விழுகிற வெட்டு நமக்கு அதிர்ச்சியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் குடும்பத்தின் நாட்களை நாமும் நாளாகவே வாழ்ந்து வந்திருக்கிறோம். துணுக்குத் துணுக்காகப் பார்த்து வரவில்லை.

கல்கியை எடுத்துக்காட்டி என்னை மடக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. அவருடைய பாராக்கள் சிறியவைதானே, அவரை லட்சக்கணக்கானவர்கள் படிக்கவில்லையா என்று கேட்பார்கள். வாஸ்தவம். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாரா வாரம் வந்தது. ஜனங்கள் காத்திருந்து படித்தார்கள். ஆனால் கல்கி சிறிய பாரா எழுதினாரே தவிர, உதிரிப் பாரா எழுதவில்லை. வாசகர் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது இங்கே வாருங்கள், இதைப் பாருங்கள், அவர்களை அங்கேயே விட்டுவிட்டு நாம் இந்தப் பக்கம் போவோம் என்று ஒவ்வொரு பாராவையும் அடுத்ததோடு முடிச்சுப் போட்டே அழைத்துக்கொண்டு போனார். உரையாசிரியர்களின் 'இனி' அவரிடம் வேறு உடையில் உயிரோடு இருந்தது. அவரைப் பின்பற்றினவர்கள் பாராவின் நீளத்தைக் காப்பியடித்தார்கள், முடிச்சை விட்டுவிட்டார்கள்.

இது ஏதோ எழுத்தாளர்களின் தொழில் சங்கதி, நமக்கென்ன என்று வாசகர்கள் இருந்துவிடக் கூடாது. ஒரு விஷயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்று சொல்ல நாலைந்து வாக்கியம் சேர்ந்தாற்போல் வேண்டும். 'ஆனால்', 'ஆகையால்', 'அப்படியிருந்தும்' என்ற சொற்கள் எல்லாம் பாராவுக்குள் பிழைக்கிற பிராணிகள். வரிக்கு வரி உடைக்கிற எழுத்தில் அவை செத்துப் போகின்றன. மிஞ்சுவது அறிவிப்பும் ஆச்சரியக் குறியும்தான். அறிவிப்பை மட்டுமே படித்துப் பழகிய ஜனங்களிடம் நியாயம் பேச முடியாது. கோஷம்தான் போட முடியும். ஆகவே நல்ல பாரா எழுதுகிறவனை நான் கலைஞன் என்பதற்காக மட்டும் மதிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கும் புத்தி உண்டு, பொறுமை உண்டு என்று அவன் நம்புகிறானே, அதற்காகவும் மதிக்கிறேன்.

எழுத வருகிற இளைஞர்களுக்கு ஒரு யோசனை. கதையை எழுதி முடித்தபின், பாரா இல்லாமல் ஒரே ஓட்டமாக அதை இன்னொரு காகிதத்தில் படி எடுங்கள், ஏட்டுச்சுவடி மாதிரி. இரண்டு நாள் கழித்து உரக்கப் படியுங்கள். எந்த இடத்தில் குரல் தானாக இறங்குகிறதோ, எந்த இடத்தில் கண்ணைத் தூக்கி வெளியே பார்க்கத் தோன்றுகிறதோ, அந்த இடத்தில் ஒரு கோடு கிழியுங்கள். பல கோடுகள் முன்பு நீங்கள் பிரித்திருந்த இடத்தில் விழாது. விழாத இடங்களில், முன்பு ஏன் பிரித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் விட்டுப் போயிருக்கும்.